கென் டிரைடன்: ஒரு கல்லூரி கோல்கீப்பரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் கென் டிரைடன் 2025 செப்டம்பர் 5 அன்று புற்றுநோயால் காலமானார். வயது 78. இரங்கல் செய்திகளில் பெரும்பாலானவை மொன்றியல் கனேடியன்ஸ் அணியோடு அவர் வென்ற ஆறு ஸ்டான்லி கோப்பைகளை (வட அமெரிக்கத் தொழில்முறை லீகான தேசிய ஹாக்கி லீகின் பட்டம்) சொல்லித்தான் ஆரம்பித்தன. அதில் தப்பில்லை. ஆனால் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்துகொண்டு அவர் கோல் காத்த மூன்று பருவங்கள்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பது என் எண்ணம். அவரைப் பற்றிக் கேட்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். ஐஸ் ஹாக்கியே தெரியாதவர்களும் வாசிக்கலாம்.

ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரின் வேலை அப்படி என்ன கஷ்டம்?

கோல் வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். அதற்குள் போகப் பார்ப்பது பந்து அல்ல. பக் என்று சொல்லும் கெட்டி ரப்பர் வட்டு. 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், எடை ஏறத்தாழ 170 கிராம். எகிறாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் அதை உறையவைத்துவிடுவார்கள். நல்ல ஆட்டக்காரர் அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அதுவும் நேராக வராது. நடுவில் யாருடைய மட்டையிலாவது, காலிலாவது பட்டுத் திசை மாறும். முன்னால் நாலு பேர் மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

கோல்கீப்பரை எடைபோட இரண்டு கணக்குகள் போதும். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை கோல் விட்டார் என்பது ஒன்று, வந்த அடிகளில் எத்தனை சதவீதத்தைத் தடுத்தார் என்பது இன்னொன்று. கார்னெலில் டிரைடனின் சராசரி ஆட்டத்துக்கு 1.59 கோல். தடுத்தது 93.9 சதவீதம்.

இவ்வளவு திறமை இருந்தும் நேராகத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் கல்லூரிக்கு ஏன் போனார்?

இந்தக் கேள்வியிலேயே டிரைடனின் பாதிக் கதை இருக்கிறது. 1960களில் கனடாவில் ஹாக்கிக்கு ஒரே பாதைதான். பதினாறு, பதினேழு வயதில் ஜூனியர் லீக் அணியில் சேர வேண்டும். வாரம் முழுக்கப் பஸ் பயணம், படிப்பு இரண்டாம்பட்சம். அங்கே தேறினால் தேசிய ஹாக்கி லீக். தேறாவிட்டால் கையில் பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை. கல்லூரிக்குப் போகிற பையனுக்கு ஹாக்கியில் அவ்வளவு தீவிரம் இல்லை என்று அணிக்காரர்கள் முடிவுகட்டிவிடுவார்கள்.

டிரைடன் 1947 ஆகஸ்ட் 8 அன்று ஒன்டாரியோ மாகாணத்தின் ஹாமில்டனில் பிறந்து டொராண்டோவின் மேற்குப் பகுதியில் வளர்ந்தவர். தேசிய லீக் அணிகள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தரத் தேர்வில், 1964இல் பாஸ்டன் புரூயின்ஸ் அணி அவரை 14ஆவது இடத்தில் எடுத்து, சில நாட்களிலேயே மொன்றியலுக்கு மாற்றிக்கொடுத்துவிட்டது. ஜூனியர் அணிக்கு விளையாட அழைப்பு இருந்தது. அவர் போகவில்லை. நியூயார்க் மாகாணத்தில் இத்தாக்கா என்ற சிற்றூரில் இருக்கும் கார்னெலில் சேர்ந்து வரலாறு படித்தார். ஐவி லீக் எனப்படும் புகழ்பெற்ற எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கார்னெலும் ஒன்று. அங்கே விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது, ஆட்டக்காரர் என்பதற்காகப் பாடத்தில் சலுகையும் கிடையாது.

படிப்பா விளையாட்டா என்ற கேள்விக்கு அவர் 'இரண்டும்' என்று பதில் சொன்னார். அதைச் சொன்னபோது அவருக்குப் பதினெட்டு வயதுகூட முழுசாக ஆகியிருக்காது. கடைசிவரை அந்தப் பதிலை மாற்றிக்கொள்ளவே இல்லை.

கார்னெலில் சாதித்தது என்ன?

அந்தக் காலத்து விதிப்படி முதலாமாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது. எனவே அவருக்குக் கிடைத்தது மூன்று பருவங்கள், 1966 முதல் 1969 வரை. அவற்றில் அவர் நின்ற ஆட்டங்களில் 76 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். மூன்று பருவமும் கிழக்குப் பகுதிக் கல்லூரிகளின் ஈசிஏசி பட்டம். மூன்று முறையும் அகில அமெரிக்கக் கல்லூரி முதல் அணியில் (நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியல்) இடம்.

முதல் பருவத்திலேயே, 1967 மார்ச்சில், கார்னெலுக்கு முதல் தேசியப் பட்டம் கிடைத்தது. சிராக்யூஸ் நகரில் நடந்த அரையிறுதியில் நார்த் டகோட்டாவை 1-0 என்று வென்றார்கள். ஒரே ஒரு கோலை வைத்துக்கொண்டு ஆட்டம் முழுக்க எதிரணியைத் தடுத்து நிறுத்தினார் என்றால் கோல்கீப்பருக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். இறுதியில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 4-1. அந்தப் பருவத்தில் கார்னெல் தோற்றது மொத்தம் ஒரே ஒரு ஆட்டம்.

பயிற்சியாளர் நெட் ஹார்க்னஸ். கண்டிப்பானவர், கனடாப் பையன்களைத் தேடிப்பிடித்து இத்தாக்காவுக்குக் கூட்டிவந்தவர். டிரைடன் பட்டம் வாங்கிப் போன அடுத்த பருவத்தில் அவருடைய அணி 29 ஆட்டம் ஆடி 29இலும் ஜெயித்தது. ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம். 'அப்படியானால் டிரைடன் இல்லாமலே ஜெயித்திருக்கிறார்களே' என்று சிலர் கேட்பதுண்டு. அப்படி ஓர் அணி உருவாகிற அளவுக்குக் கார்னெலின் பெயரைப் பரப்பிய மூன்று வருஷங்கள் யாருடையவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். 1969 தேசிய இறுதியில் டென்வரிடம் 4-3 என்று தோற்றார்கள். அதுதான் அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டம்.

லைனா ரிங்க் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

கார்னெலின் ஹாக்கி அரங்கம். 1957இல் திறந்தது, ஏறத்தாழ 4,000 பேர்தான் உட்கார முடியும். கூரை தாழ்வு. மாணவர்கள் ஐஸுக்கு மிக அருகில் நின்று கத்துவார்கள், எதிரணி கோல்கீப்பரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சீண்டுவார்கள். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் வெளியூர் அணிகள் பயப்படும் இடங்களில் ஒன்று. 1967 முதல் 1972 வரை கார்னெல் அங்கே தொடர்ந்து 63 ஆட்டங்களில் ஜெயித்தது. அந்த ஓட்டம் தொடங்கியபோது வலையில் நின்றவர் டிரைடன்.

ஹார்வர்டு அணி வந்தால் ஐஸ் மேல் மீனை வீசுவது அங்கே வழக்கம். அது டிரைடன் போன பிறகு வந்தது.

1971இல் என்ன நடந்தது? எல்லோரும் அந்த வருஷத்தையே பேசுகிறார்களே?

பேசாமல் எப்படி இருப்பார்கள்! கார்னெலுக்குப் பிறகு டிரைடன் கனடா தேசிய அணியில் கொஞ்ச காலம் ஆடினார். அப்புறம் மொன்றியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டே கனேடியன்ஸின் துணை அணியில் ஆடினார். 1971 மார்ச் 14 அன்று பிட்ஸ்பர்க்கில் முதல் தேசிய லீக் ஆட்டம். அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த நாட்களில் ஆறு ஆட்டங்கள். ஆறிலும் வெற்றி.

ஆறே ஆட்டம் ஆடிய சட்டக் கல்லூரி மாணவரை நம்பி நாக்அவுட் சுற்றுக்கு வலையைக் கொடுத்தார்கள். முதல் எதிரி பாஸ்டன் புரூயின்ஸ். அந்தப் பருவத்தில் 78 ஆட்டங்களில் 399 கோல் அடித்த அணி. ஃபில் எஸ்போசிட்டோ ஒருவர் மட்டுமே 76 கோல். கூடவே நட்சத்திரத் தடுப்பாட்டக்காரர் பாபி ஓர். மொன்றியல் ஜெயிக்கும் என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான்.

முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவதில் ஒரு கட்டத்தில் 5-1 என்று பின்தங்கியிருந்தார்கள். புதுப் பையனை மாற்றிவிட்டு அனுபவசாலியை இறக்குவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாற்றவில்லை. மொன்றியல் திருப்பி அடித்து 7-5 என்று ஜெயித்தது. தொடர் ஏழாவது ஆட்டம்வரை போய், பாஸ்டனில், அவர்களுடைய சொந்த அரங்கத்திலேயே 4-2 என்று முடிந்தது. அந்த ஏழு ஆட்டங்களில் டிரைடனின் நீண்ட கையும் காலும் எங்கிருந்தெல்லாமோ வந்து பக்கைப் பிடுங்கிக்கொண்டு போனதைப் பார்த்து எஸ்போசிட்டோ வெறுத்தே போனார். டிரைடனின் உயரம் 6 அடி 4 அங்குலம். அன்றைய கோல்கீப்பர்களிடையே அது ராட்சத உயரம்.

அடுத்து மினசோட்டா. இறுதியில் சிகாகோ. அதுவும் ஏழாவது ஆட்டத்துக்குப் போனது. மே 18, சிகாகோ மைதானம். சிகாகோ 2-0 என்று முன்னணியில் இருந்தது. ஜாக் லெமேர் ஏறக்குறைய நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து அடித்தது உள்ளே போனது. ஆன்ரி ரிச்சர்ட் இரண்டு கோல் போட்டார். 3-2. கடைசிக் கட்டத்தில் சிகாகோவின் ஜிம் பாப்பின் வலைக்கு மிக நெருக்கத்தில், கிட்டத்தட்டக் காலியான பக்கத்தைப் பார்த்து அடித்தார். டிரைடன் வலது காலை நீட்டினார். பக் காலில் பட்டுத் திரும்பியது. கோல் என்று கையைத் தூக்கிக் கொண்டாடத் தயாரான ஆளுக்கு என்ன நடந்தது என்று புரியவே கொஞ்சம் நேரம் ஆகியிருக்கும்.

நாக்அவுட் சுற்றின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருது டிரைடனுக்கு. ஆறு ஆட்டம் மட்டுமே ஆடியிருந்ததால் கணக்குப்படி அவர் இன்னும் புதுமுகம்தான். எனவே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை *அடுத்த* வருஷம், 1972இல் வாங்கினார். இந்த வரிசையில் இரண்டு விருதையும் வாங்கியவர் வேறு யாரும் இல்லை.

அண்ணனும் தம்பியும் எதிரெதிர் வலையில் நின்றது உண்மையா?

உண்மை. அண்ணன் டேவ் டிரைடன் ஆறு வயது மூத்தவர், அவரும் கோல்கீப்பர். 1971 மார்ச் 20, மொன்றியல். எதிரணி பஃபலோ சேபர்ஸ், அங்கே டேவ். மொன்றியலின் கோல்கீப்பருக்கு அடிபட்டு கென் உள்ளே வந்தார். தேசிய ஹாக்கி லீகில் சகோதரர்கள் இருவர் எதிரெதிர் வலையில் நின்றது அதுதான் முதல் முறை. ஆட்டம் முடிந்ததும் இருவரும் நடுத்தளத்துக்கு வந்து கைகுலுக்கிக்கொண்டார்கள்.

இருவரும் ஆடக் கற்றது வீட்டுக் கொல்லைப்புறத்தில். அப்பா மரே டிரைடன் அதைத் தளம் போட்டு, இரண்டு பக்கமும் கோல் வலை வைத்துக்கொடுத்தார். தெருப் பையன்கள் எல்லாம் வந்து டென்னிஸ் பந்தை வைத்து ஆடுவார்கள். பயிற்சியாளர் இல்லை, விசில் இல்லை, அட்டவணை இல்லை. பின்னாளில் டிரைடன் எழுதியபோதெல்லாம் இந்தக் கொல்லைப்புறத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். இன்றைய பிள்ளைகளுக்குப் பயிற்சி நேரம் கூடிப்போய், சும்மா விளையாடும் நேரம் இல்லாமல் போய்விட்டது என்று அவருக்கு உண்மையான வருத்தம் இருந்தது.

மட்டை மேல் சாய்ந்து நிற்கும் அந்தப் புகைப்படம்?

ஆட்டம் எதிர்ப்பக்கம் நடந்துகொண்டிருக்கும். டிரைடன் மட்டையை நட்டுவைத்து, அதன் உச்சியில் இரண்டு கையுறைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதன்மேல் முகவாயை ஊன்றிக்கொண்டு நிற்பார். முகமூடியில் சிவப்பும் நீலமுமாக வளையங்கள். விவசாயி மண்வெட்டியில் சாய்ந்து நின்று வயலைப் பார்ப்பது போல இருக்கும். மொன்றியலில் அவருக்கு வைத்த வெண்கலச் சிலையும் இதே நிலையில்தான் நிற்கிறது.

இதைப் பார்த்து அலட்சியம் என்று நினைத்தவர்களும் உண்டு. பலமான அணியின் கோல்கீப்பருக்கு உள்ள தனிக் கஷ்டம் அது. பத்து நிமிஷம் அவர் பக்கம் பக்கே வராது. பிறகு திடீரென்று ஒரே ஒரு அடி வரும், அதை விட்டால் ஆட்டமே போய்விடும். அந்தக் காத்திருப்பில் உடம்பைத் தளர்த்தி, மனசை மட்டும் விழிப்பாக வைத்திருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு வழி. இவருடைய வழி இது.

மொன்றியல் அணியே பலசாலி. யார் நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்தானே?

நியாயமான சந்தேகம். லாஃப்ளூர், ராபின்சன், சவார்டு, லாப்பாயின்ட், கேய்னி, மேலே பயிற்சியாளர் ஸ்காட்டி போமன். 1976-77 பருவத்தில் அந்த அணி 80 ஆட்டத்தில் தோற்றது வெறும் 8. டிரைடன் வாங்கிய ஐந்து வெசினா விருதுகளையும் கொஞ்சம் தள்ளியே பார்க்க வேண்டும். அன்று அந்த விருது குறைவாகக் கோல் விட்ட அணியின் கோல்கீப்பர்களுக்குத் தானாகவே போகும். கடைசி மூன்றைச் சக கோல்கீப்பர் மிஷெல் லாரொக்கோடு பகிர்ந்துகொண்டார்.

ஆனால் அவர் இல்லாத ஒரு வருஷத்தைப் பார்க்க முடியும். 1972-73இல் அவர் இருந்தபோது மொன்றியல் விட்ட கோல் 184, கோப்பையும் கிடைத்தது. 1973-74இல் அவர் இல்லை. கோல் 240 ஆனது. நாக்அவுட் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். ஏறக்குறைய அதே அணிதான். இதற்குமேல் நான் வாதாடத் தேவையில்லை.

அந்த வருஷம் ஏன் ஆடவில்லை?

சம்பளத்தில் உடன்பாடு வரவில்லை. லீகின் சிறந்த கோல்கீப்பருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்று நினைத்தார். மற்றவர்களாக இருந்தால் முணுமுணுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இவருக்கு மெக்கில் சட்டப் பட்டம் கையில் இருந்தது. டொராண்டோவுக்குப் போய் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வாரம் 134 டாலர் சம்பளத்தில் ஜூனியராகச் சேர்ந்துவிட்டார். அந்த நாட்களில் ஓய்வுநேர லீக் ஒன்றில் ஹாக்கியும் ஆடினார். அங்கே கோல்கீப்பராக அல்ல, தடுப்பாட்டக்காரராக!

அணி நிர்வாகம்தான் கடைசி வார்த்தை என்றிருந்த காலம் அது. ஆட்டக்காரர் 'எனக்கு வேறு வேலை தெரியும்' என்று எழுந்து போகலாம் என்பதைக் காட்டிய தைரியம் அவருக்குக் கார்னெலிலும் மெக்கிலிலும் கிடைத்தது. அடுத்த வருஷம் நல்ல ஒப்பந்தத்தோடு திரும்பி வந்தார். 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு கோப்பை. பிறகு 31 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். மொத்தம் 397 ஆட்டத்தில் 258 வெற்றி, 57 தோல்வி, 74 சமன்.

1972 சோவியத் தொடரில் அவருடைய பங்கு?

கனடாவின் தேசிய லீக் ஆட்டக்காரர்கள் சோவியத் யூனியன் அணியோடு மோதிய தொடர் அது. டிரைடனுக்கு அதில் ஏற்றமும் இறக்கமும். எட்டு ஆட்டங்களில் 1, 4, 6, 8 ஆகிய நான்கில் நின்றார். மொன்றியலில் முதல் ஆட்டம் 7-3 தோல்வி, கனடாவே அதிர்ந்துபோனது. வான்கூவரில் நாலாவதும் தோல்வி. சோவியத் ஆட்டக்காரர்கள் வலைக்கு நேராக ஓடிவந்து அடிப்பதைவிடப் பக்கை இங்கும் அங்கும் மாற்றிக்கொடுத்துக் காலியான கோணத்தைத் தேடுவார்கள். வலையைவிட்டு முன்னால் வந்து கோணத்தை அடைக்கும் டிரைடனின் பாணிக்கு அது நேர் எதிர். மாஸ்கோ போனதும் வலைக்குள் பின்வாங்கி நிற்கப் பழகினார். ஆறாவது 3-2 வெற்றி. செப்டம்பர் 28, கடைசி ஆட்டம், 34 விநாடி இருக்கும்போது பால் ஹெண்டர்சன் கோல், 6-5.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மற்ற நான்கு ஆட்டங்களில் நின்றவர் டோனி எஸ்போசிட்டோ. மிச்சிகன் டெக் கல்லூரியில் 1965 தேசியப் பட்டம் வென்றவர். 1971 இறுதியில் சிகாகோ வலையில் நின்றவரும் அவர்தான். ஆக, கனடாவின் மானமே போய்விடுமோ என்றிருந்த அந்தத் தொடரில் எட்டு ஆட்டமும் கனடாவின் வலையைக் காத்தவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்த இருவர். 'கல்லூரிக்குப் போனவன் உருப்பட மாட்டான்' என்ற பேச்சுக்கு அதற்குமேல் என்ன பதில் வேண்டும்?

அவருக்குப் பிறகு கல்லூரியிலிருந்து கோல்கீப்பர்கள் வந்தார்களா?

வரிசையாக வந்தார்கள். நார்த் டகோட்டாவிலிருந்து எட் பெல்ஃபோர், மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து ரயன் மில்லர், வெர்மான்ட்டிலிருந்து டிம் தாமஸ், மாசசூசெட்ஸிலிருந்து ஜொனாதன் குவிக், லோவலிலிருந்து கானர் ஹெலிபக். தாமஸ் 2011இலும் குவிக் 2012இலும் கான் ஸ்மைத் வாங்கினார்கள். ஹெலிபக் 2025இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதையே வாங்கினார். இன்று தேசிய லீகில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அமெரிக்கக் கல்லூரியில் ஆடியவர்.

இதையெல்லாம் டிரைடன் ஒருவரே செய்தார் என்று சொன்னால் அது மிகை. டோனி எஸ்போசிட்டோ அவருக்கு முன்னோடி. லீக் பெரிதாகி ஆட்களுக்குத் தேவை கூடியதும் ஒரு காரணம். ஆனால் மகனைக் கல்லூரிக்கு அனுப்ப ஆசைப்பட்ட பெற்றோர் ஹாக்கிக்காரர்களிடம் வாதாட ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தப் பெயர் டிரைடன்.

1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சோவியத்தை 4-3 என்று வென்றார்களே, அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சியில் ஆல் மைக்கேல்ஸோடு வர்ணனை செய்தவர் டிரைடன். அன்று அமெரிக்க வலையில் நின்ற ஜிம் கிரெய்க் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்காரர்.

எழுத்தாளராகவும் பெரிய பெயர் என்கிறார்களே?

1983இல் வந்த 'தி கேம்' ஹாக்கியைப் பற்றிய மிகச் சிறந்த புத்தகம் என்று பலர் சொல்வார்கள். எனக்கும் அதே கருத்துதான். தன் கடைசிப் பருவத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வார நடப்பாக எழுதியிருக்கிறார். கோப்பைக் கதைகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். உடைமாற்றும் அறையின் கேலிப் பேச்சு, விமானப் பயண அலுப்பு, கியூபெக்கின் அரசியல், பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து தனியாக ஸ்கேட் செய்யும் லாஃப்ளூர், தன் திறமை குறைகிறதோ என்ற பயம். விளையாட்டு வீரர்கள் பெயரில் வேறு யாரோ எழுதிய புத்தகங்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒவ்வொரு வரியையும் ஒருவர் தானே யோசித்து எழுதியிருக்கிறார் என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

தலைக் காயங்களைப் பற்றி அவர் சொன்னது என்ன?

என் கணக்கில் அவர் செய்த மிக முக்கியமான காரியம் இது. லீகில் தடுப்பாட்டக்காரராக இருந்த ஸ்டீவ் மோன்டடர் 2015இல் 35 வயதில் இறந்தார். திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு அவருக்கு இருந்தது பிறகு தெரிந்தது. மோன்டடரின் வாழ்க்கையை மையமாக வைத்து டிரைடன் 2017இல் ஒரு புத்தகம் எழுதினார்.

அவர் வெறுமனே கண்டிக்கவில்லை, காரணத்தைத் தேடினார். முன்பெல்லாம் ஓர் ஆட்டக்காரர் ஐஸில் இறங்கினால் இரண்டு நிமிஷம் ஆடுவார், எனவே பாதி நேரம் மெதுவாகத்தான் நகர்வார். இப்போது 40 விநாடியில் ஆளை மாற்றிவிடுகிறார்கள். எல்லோரும் எல்லா நேரமும் முழு வேகத்தில் போகிறார்கள். ஆள் பெரிசு, வேகம் பெரிசு, மோதல் பெரிசு. மூளை மட்டும் அதே மூளை. தலையில் எதனால் பட்டாலும் தண்டனை என்று ஒரே விதி போதும் என்றார். மட்டை முகத்தில் பட்டால் வேண்டுமென்றா தெரியாமலா என்று நடுவர் விசாரிப்பதில்லையே, தலைக்கும் அதையே செய்யலாமே என்பது அவர் வாதம். லீகின் ஆணையர் கேரி பெட்மேனிடம் புத்தகத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் கேட்டபடி அந்த விதி இன்னும் வரவில்லை. வர வேண்டும்.

2022இல் 'அட்லாண்டிக்' இதழில் கோல்கீப்பர்களைப் பற்றியும் எழுதினார். பாதுகாப்புக்கு வந்த முகமூடியும் பேட்களும் பெருத்துப் பெருத்து, கோல்கீப்பர் வலையையே அடைத்துக்கொண்டு நிற்கிறார், அழகான ஆட்டத்துக்கு இடமே இல்லை என்று. கோல்கீப்பரே இப்படிச் சொன்னதால் கேட்டவர்கள் அதிகம்.

அரசியலில் என்ன செய்தார்?

2004இல் டொராண்டோவின் யார்க் சென்டர் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் ஜெயித்து, பால் மார்ட்டின் அமைச்சரவையில் சமூக மேம்பாட்டு அமைச்சரானார். பத்து மாகாணங்களோடும் பேசி 2005இல் குழந்தைப் பராமரிப்புக்குத் தேசிய அளவில் ஒப்பந்தங்கள் போட்டார். ஐந்து வருஷத்துக்கு 500 கோடி டாலர். 2006இல் ஆட்சி மாறியது, புது அரசு அவற்றை ரத்து செய்தது. 2021இல் கனடா அதே திசையில் ஒரு நாளைக்கு 10 டாலர் கட்டணம் என்ற திட்டத்துக்குத் திரும்பியது. 2011 தேர்தலில் டிரைடன் தோற்றார்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

அவருடைய பெற்றோர் மூலம் உண்டு. அப்பா மரே, அம்மா மார்கரெட் இருவரும் 1970இல் தொடங்கிய அறக்கட்டளை ஏழைக் குழந்தைகளுக்குப் படுக்கை, போர்வை, கொசுவலை, உடை என்று ஒரு தொகுப்பாகக் கொடுக்கிறது. முதல் தொகுப்புகள் போனது புனே நகரத்துக் குழந்தைகளுக்கு. அன்றிலிருந்து நடந்துகொண்டிருக்கிறது.

அவரை எங்கே, எப்படி நினைவுகூர்கிறார்கள்?

மொன்றியல் 2007 ஜனவரி 29 அன்று அவருடைய 29ஆம் எண் ஜெர்சிக்கு ஓய்வு கொடுத்தது, அதாவது அந்த அணியில் இனி யாரும் அந்த எண்ணை அணியமாட்டார்கள். கார்னெல் 2010 பிப்ரவரியில் அவருடைய 1ஆம் எண்ணுக்கும் இன்னொரு கார்னெல் ஆட்டக்காரரான ஜோ நியுவென்டைக்கின் 25ஆம் எண்ணுக்கும் ஓய்வு கொடுத்தது. கார்னெல் ஹாக்கியில் அதற்கு முன் எந்த எண்ணுக்கும் அப்படிச் செய்ததில்லை. கார்னெல் ஆடும் ஈசிஏசி லீகில் வருஷத்தின் சிறந்த கோல்கீப்பருக்குக் கொடுக்கும் விருதுக்கு அவர் பெயர்தான்.

அவர் இறந்தபோது அஞ்சலி செலுத்தியவர்களில் கனடாவின் பிரதமர் மார்க் கார்னியும் ஒருவர். கார்னி மாணவராக இருந்தபோது ஹார்வர்டு அணியின் மாற்று கோல்கீப்பர். கார்னெலின் பரம எதிரி ஹார்வர்டு!

அவரைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள எங்கே ஆரம்பிக்கலாம்?

ஆட்டம் பார்க்க ஆசை இருந்தால் 1971 இறுதியின் ஏழாவது ஆட்டம். பாப்பினின் அடியைத் தடுத்ததை மட்டும் தனியாகப் பார்க்காமல், 2-0 என்று பின்தங்கியிருந்த இடத்திலிருந்து பாருங்கள். வாசிக்க ஆசை இருந்தால் 'தி கேம்'. ஹாக்கி ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால் 2017 புத்தகத்தை முதலில் எடுங்கள், மற்றவை அப்புறம்.